பஞ்சுக் குச்சியிலிருந்து ஸ்டெம்செல் பை வரை

ரத்த ஸ்டெம்செல் கொடையாளராகப் பெயர் கொடுப்பது ரொம்பச் சுலபம். பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உள்பக்கம் தேய்க்க வேண்டும், படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். இவ்வளவு சுலபமாக இருப்பதுதான் எனக்குக் கவலை. நண்பன் போட்டான், நானும் போடுகிறேன் என்று வரிசையில் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தால், ‘தம்பி, கொஞ்சம் பொறு’ என்று சொல்லத் தோன்றும். சொல்லியும் இருக்கிறேன். முகாம் நடத்துகிறவர்கள் என்னை முறைப்பார்கள்.

நான் மதுரையில் ஒரு மருத்துவ ஆய்வகத்தில், கொடுப்பவரும் வாங்குபவரும் பொருந்துகிறார்களா என்று பார்க்கும் ஹெச்எல்ஏ பிரிவில் டெக்னீஷியன். நோயாளிகளின் மாதிரியும் அவர்கள் வீட்டாரின் மாதிரியும்தான் அன்றாட வேலை. லீவு நாள்களில் கல்லூரிப் பதிவு முகாம்களுக்குப் போவதுண்டு. இரண்டு பக்கமும் பார்ப்பதால் சொல்கிறேன்: இந்தக் கொடையில் இரண்டு ‘சரி’ இருக்கிறது. குச்சி தேய்க்கும்போது சொல்வது முதல் சரி. அதில் நமக்கு எந்த நஷ்டமும் இல்லை. சில மாதம் கழித்தோ பத்து வருஷம் கழித்தோ, ‘உங்கள் மாதிரி ஒருவருக்குப் பொருந்தியிருக்கிறது’ என்று போன் வரும்போது சொல்வது இரண்டாவது சரி. இரண்டாவதைச் சொல்ல முடியாது என்று தெரிந்தவர்கள் முதலாவதையும் சொல்ல வேண்டாம். கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த இரண்டாவது சரிக்கு உங்களைத் தயார் செய்யத்தான்.

எதற்காக இந்தக் கொடை? சிவப்பணு, வெள்ளணு, தட்டணு எல்லாமே எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ரத்த ஸ்டெம்செல்களிலிருந்து பிறக்கின்றன. தலசீமியா மேஜர், ரத்தப் புற்று, ஏபிளாஸ்டிக் அனீமியா போன்ற நோய்களில் அந்த ஊற்றே பழுதாகியிருக்கும். பழையதை மருந்தால் அழித்துவிட்டு, இன்னொருவருடைய ஸ்டெம்செல்லை ரத்த நாளம் வழியே ஏற்றினால், அவை தாமாகவே மஜ்ஜையைத் தேடிப் போய்க் குடியேறிவிடும். அமெரிக்காவில் இதற்கு வழிகாட்டிய டொனால் தாமஸுக்கு 1990-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். வேலூர் சிஎம்சியில் 1986-லிருந்து நடக்கிறது. ஆக, புதுமை என்று பயப்பட இதில் ஒன்றுமில்லை.

முதலில் வீட்டில் பேசுங்கள்

இதைத்தான் முதல் படியாக வைப்பேன். வயது, எடை, நோய் எல்லாம் அப்புறம். பதினெட்டு வயது முடிந்தவர் யாருடைய அனுமதியும் இல்லாமல் பதிவு செய்யலாம், சட்டப்படி அது சரிதான். ஆனால் போன் வரும் அன்று வீட்டில் என்ன நடக்கும் என்பது வேறு விஷயம். ‘கல்யாணம் ஆகவேண்டிய பொண்ணு, முதுகுத்தண்டில ஊசி போட்டா நாளைக்குப் பிள்ளை பெத்துக்க முடியுமா?’ என்று அம்மா கேட்பார். ‘யாருன்னே தெரியாதவனுக்கு நீ ஏன்டா?’ என்று பெரியப்பா கேட்பார். கல்யாணமாகியிருந்தால் மாமியார் வீடும் சேர்ந்துகொள்ளும். மறுப்பவர்களில் பலர் பயந்து மறுப்பதில்லை. வீட்டுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் மறுக்கிறார்கள்.

அதனால் முன்கூட்டியே இரண்டு விஷயத்தை வீட்டில் தெளிவாகச் சொல்லிவைக்கலாம். ஒன்று, முதுகுத்தண்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பெரும்பாலும் கையிலிருந்து ரத்தம் எடுப்பது போலத்தான் எடுக்கிறார்கள். மஜ்ஜையாகவே எடுத்தாலும் இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்துதான் எடுப்பார்கள். இரண்டு, கொடுத்தது குறைந்தே போய்விடாது. உடம்பு சில வாரங்களில் ஈடுகட்டிவிடும். குழந்தைப்பேறுக்கும் தடை இல்லை.

யார் பெயர் கொடுக்கலாம்

சென்னையில் 2009-ல் தொடங்கிய தாத்ரி என்ற கொடையாளர் பதிவகம் 18 முதல் 50 வயது வரை சேர்க்கிறது. பெங்களூரிலிருந்து இயங்கும் இன்னொரு பதிவகமான டிகேஎம்எஸ் இந்தியா 55 வரை சேர்க்கிறது. மருத்துவர்கள் தேர்ந்தெடுக்கும்போது இளம் கொடையாளர்களையே முதலில் பார்ப்பார்கள். அதனால்தான் முகாம்கள் கல்லூரியிலேயே நடக்கின்றன. எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சி உள்ளவர்கள், புற்றுநோய் வந்து போனவர்கள், இன்சுலின் போடுகிற சர்க்கரை நோயாளிகள், லூபஸ் போன்ற தன்தடுப்பாற்றல் நோய் உள்ளவர்கள் சேர முடியாது. எடை அளவு பதிவகத்துக்குப் பதிவகம் மாறும். ரொம்ப ஒல்லியாகவோ ரொம்பப் பருமனாகவோ இருப்பவர்கள் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. ரத்த வகை பொருந்த வேண்டுமா என்று எல்லோரும் கேட்பார்கள். வேண்டாம். ஓ பாசிட்டிவ்காரர் பி பாசிட்டிவ்காரருக்குத் தாராளமாகத் தரலாம். பிறகு வாங்கியவரின் ரத்த வகையே கொடுத்தவருடையதாக மாறிவிடும்.

பதிவுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. கொடைக்குப் பணம் தரவும் மாட்டார்கள். தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

குச்சியைத் தேய்ப்பது

டீ, பஜ்ஜி எல்லாம் முடித்துவிட்டு நேராக மேசைக்கு வராதீர்கள். சாப்பிட்டு அரை மணி நேரமாவது ஆகட்டும்; வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளியுங்கள். வெற்றிலை, பான்பராக் போட்டிருந்தால் இன்னும் நன்றாகக் கொப்பளிக்க வேண்டும். அந்தச் சிவப்பு ஆய்வகத்தில் பிசிஆரை, அதாவது டிஎன்ஏவைப் பெருக்கும் வேலையை, கெடுத்துவிடும்.

குச்சியின் பஞ்சு முனையைக் கையால் தொடக்கூடாது. கன்னத்தின் உள்பக்கம், ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் வைத்து, பல் தேய்க்கிற அழுத்தத்தில் மேலும் கீழுமாகத் தேய்த்து, உருட்டிக்கொண்டே வாருங்கள். எவ்வளவு நேரம் என்று பொட்டலத்தில் எழுதியிருக்கும். அரை நிமிஷத்தில் எடுத்துவிட்டு ‘போதும்ல அக்கா?’ என்று கேட்காதீர்கள். எங்களுக்குத் தேவை எச்சில் இல்லை, உரிந்து வரும் கன்னத்துத் தோல் செல்கள். எச்சிலில் ஊறிய குச்சியைவிட நன்றாகத் தேய்த்த குச்சி மேல். கொஞ்ச நேரம் காற்றில் உலரவிட்டு உறையில் போடுங்கள். ஈரத்தோடு மூடினால் பாக்டீரியா வளரும், டிஎன்ஏ சிதையும். உறையில் ஒட்டிய பார்கோடும் படிவத்தில் உள்ள பார்கோடும் ஒன்றுதானா என்று நீங்களும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆய்வகத்தில் என்ன நடக்கிறது

இது என் வேலை என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

குச்சியை வெட்டி ஒரு சிறு குழாயில் போட்டு, செல்லை உடைக்கும் கரைசலும் புரதத்தைச் செரிக்கும் நொதியும் சேர்த்துச் சூடேற்றுவோம். செல்லுக்குள் சுருண்டு கிடந்த டிஎன்ஏ வெளியே வரும். அதைக் காந்தத் தன்மையுள்ள நுண்மணிகளில் ஒட்டவைத்து, கழுவி, சுத்தமான நீரில் இறக்கிக்கொள்வோம். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது; குழாயின் அடியில் தெளிந்த நீர் ஒரு சொட்டு, அவ்வளவுதான். முகாமில் சிலர் ‘என் டிஎன்ஏவைக் காட்டுங்க மேடம்’ என்பார்கள். காட்டினால் ஏமாந்துபோவார்கள்.

அந்தச் சொட்டில் உங்கள் மரபுத் தகவல் முழுதும் இருக்கிறது. ஆனால் நாங்கள் படிப்பது 6-ஆம் குரோமோசோமில் உள்ள சில ஜீன்களை மட்டும்: ஹெச்எல்ஏ ஏ, பி, சி, டிஆர்பி1, டிக்யூபி1. அந்தப் பகுதிகளை மட்டும் பிசிஆர் மூலம் பல கோடி மடங்கு பெருக்கி, சீக்வென்சர் கருவியில் எழுத்தெழுத்தாகப் படிப்போம். செல்லின் மேற்பரப்பில் நிற்கும் அடையாளப் புரதங்களை எழுதும் ஜீன்கள் இவை. ‘இது நம்ம செல், இது அந்நிய செல்’ என்று வெள்ளணு தீர்மானிப்பது இவற்றைப் பார்த்துத்தான். 1958-ல் பாரிஸில் இந்த வரிசையின் முதல் உறுப்பைக் கண்டுபிடித்தவர் ழான் தோசே. 1980-ல் நோபல் பெற்றார். அன்று ஒன்றாக இருந்தது, இன்று பெயரிடப்பட்ட வகைகள் மட்டும் 30,000-க்கும் மேல்.

ரிப்போர்ட் கையில் கிடைத்தால் இப்படிப் படியுங்கள். ஏ என்ற தலைப்பின் கீழ் இரண்டு எண்கள் இருக்கும், உதாரணமாக 24:02, 33:03. ஒன்று அப்பா தந்தது, ஒன்று அம்மா தந்தது. எது யாருடையது என்று ரிப்போர்ட் சொல்லாது. முன்னால் உள்ள எண் குடும்பம் மாதிரி, பின்னால் உள்ளது அந்தக் குடும்பத்துக்குள் குறிப்பிட்ட புரதம். 33 இருவருக்கும் இருக்கிறது என்பதால் பொருத்தம் என்று சொல்லிவிட முடியாது. 33:01-ம் 33:03-ம் வேறு வேறு. ஐந்து ஜீன்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு, ஆகப் பத்து. பத்துக்குப் பத்து பொருந்தினால் மருத்துவர் முகத்தில் சிரிப்பு வரும். ஒன்பது என்றால் யோசிப்பார்.

பெயர் கொடுப்பவர்கள் படிவத்தில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மிச்சமாகும் டிஎன்ஏவை வைத்திருப்பார்களா, ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துவார்களா என்று ஒரு பத்தி இருக்கும். படித்துப் பார்த்துச் சம்மதமோ மறுப்போ சொல்லலாம். யாரும் அதைப் படிப்பதில்லை என்பது என் வருத்தம்.

உங்கள் வீட்டிலேயே நோயாளி இருந்தால்

அப்போது பதிவகத்துக்கு முன் வீட்டைத்தான் பார்ப்போம். ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்த இருவர் முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு 25 சதவீதம். உடன்பிறந்தவர் இருவர் இருந்தால் அதில் ஒருவராவது பொருந்தும் வாய்ப்பு 44 சதவீதம். மூவர் இருந்தால் 58. தமிழ்நாட்டில் இப்போது ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு குழந்தைகள்கூட இல்லை. ஆறேழு பிள்ளைகள் இருந்த காலத்தில் பின்கட்டிலேயே கிடைத்திருக்கக்கூடிய கொடையாளரை இன்று வெளியில் தேடுகிறோம்.

நம் பக்கத்துக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது. சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பம் என்றால் அதை வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மாமன் மகள், அக்கா மகள் கல்யாணத்தில் தலசீமியா மாதிரி, அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பிழையான ஜீன் வந்தால் தாக்கும் நோய் வரும் ஆபத்து கூடுவது உண்மைதான். ஆனால் கொடையாளர் தேடும்போது அதே சொந்தம் உதவும்: தாயோ தகப்பனோ, சித்தப்பா பிள்ளையோகூட முழுதாகப் பொருந்திவருவதைப் பார்த்திருக்கிறேன். வழக்கமாகப் பெற்றோர் பாதிதான் பொருந்துவார்கள். வம்சாவளியைத் தாளில் வரைந்து கொண்டுவந்தால் எங்கள் வேலை பாதி முடிந்தது. இப்போது பாதிப் பொருத்தத்திலேயே ஸ்டெம்செல் மாற்று செய்யும் முறையும் நன்றாக வளர்ந்திருக்கிறது, ஆகவே ‘மேட்ச் இல்லை’ என்ற ஒரு வார்த்தையோடு வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். குடும்ப மாதிரிகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, பிள்ளைக்கு அப்பா தந்திருக்க வேண்டிய பாதி அந்த அப்பாவிடம் இல்லை என்று சில சமயம் தெரிந்துவிடும். ரிப்போர்ட் யார் கையில் போகிறது என்பதை டெஸ்ட்டுக்கு முன்பே ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தனியாகப் பேச வேண்டியது இருந்தால் அதற்கும் அதுதான் நேரம்.

போன் வந்தால்

உலகப் பதிவகங்களில் 4 கோடிக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் சில லட்சம். ஹெச்எல்ஏ வட்டாரத்துக்கு வட்டாரம், சமூகத்துக்குச் சமூகம் மாறும் என்பதால் விருதுநகர்ப் பிள்ளைக்கு ஜெர்மனியில் பொருத்தம் கிடைப்பது அபூர்வம். 1974-ல் லண்டனில் ஷெர்லி நோலன் தன் மகன் ஆன்டனிக்காகப் பதிவகம் தொடங்கினார். கடைசி வரை பையனுக்குப் பொருத்தம் கிடைக்கவில்லை. எட்டு வயது நிறையாமல் 1979-ல் இறந்தான். பெயர் கொடுத்த எல்லோருக்கும் அழைப்பு வராது. பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுதும் வரவே வராது. வந்தால், அந்த நோயாளிக்கு நீங்கள் ஒருவர்தான் என்ற நிலைமையாகவும் இருக்கலாம்.

முதலில் ரத்தம் எடுத்து ஹெச்எல்ஏவை மறுபடி உறுதி செய்வார்கள். அப்புறம் முழு உடல் பரிசோதனை: கிருமித் தொற்று, இதயம், கல்லீரல், பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை. இந்தக் கட்டம் வரை ‘முடியாது’ என்று சொல்லலாம். காரணம்கூட வேண்டியதில்லை. மனசு தடுமாறினால் இங்கேயே சொல்லிவிடுங்கள். வேறு ஆளைத் தேடவோ பாதிப் பொருத்தத்துக்குப் போகவோ மருத்துவருக்கு நேரம் இருக்கும்.

அதற்குப் பிறகு நிலைமை வேறு. நீங்கள் கொடுக்கும் தேதிக்குச் சில நாள் முன்பே நோயாளிக்கு வீரிய கீமோ தொடங்கிவிடும். அவருடைய மஜ்ஜையை முழுதாக அழித்துவிடுவார்கள். அந்த வாரத்தில் நீங்கள் பின்வாங்கினால் அவருக்குச் சொந்த ரத்தமும் இல்லை, உங்களுடையதும் இல்லை. சட்டப்படி அப்போதும் உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அதனால்தான் முன்பே தீர்மானித்துவிடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஊசி நாள்களும் கொடை நாளும்

சாதாரணமாக ரத்தத்தில் ஸ்டெம்செல்கள் மிகக் குறைவு. அவை மஜ்ஜையை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை. வரவழைக்க ஜி-சிஎஸ்எஃப் என்ற ஊசியைத் தினமும் தோலுக்கடியில் போடுவார்கள். நான்கு நாள் போட்டு, ஐந்தாம் நாள் காலை ஊசியோடு சேகரிப்புத் தொடங்குவது வழக்கம். 4,000 முதல் 11,000 வரை இருக்கும் வெள்ளணு எண்ணிக்கை 30,000-ஐத் தாண்டும். ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதற வேண்டாம், அப்படித்தான் ஏற வேண்டும்.

இரண்டாம் மூன்றாம் நாளில் இடுப்பு, முதுகு, தொடையெலும்பு வலிக்கும். காய்ச்சலுக்கு முன் உடம்பு முறுக்குமே, அது மாதிரி. தலைவலியும் வரலாம், தூக்கம் கெடலாம். பாராசிட்டமால் போதும், ஆஸ்பிரின் கூடாது. கடைசி ஊசி முடிந்து ஓரிரு நாளில் வலி போய்விடும். இடது விலாவுக்குக் கீழே திடீரென்று கடுமையாக வலித்தால் மட்டும் உடனே சொல்லுங்கள். மண்ணீரல் வீங்குவதுண்டு, அது பாதிக்கப்படுவது மிக மிக அரிது என்றாலும் அசட்டையாக இருக்கக்கூடாது. அந்த வாரம் கபடியும் ஜிம்மும் வேண்டாம்.

கொடை நாளில் ஒரு கையிலிருந்து ரத்தம் எந்திரத்துக்குப் போய், சுழன்று, ஸ்டெம்செல் அடுக்கு மட்டும் பிரிந்து பையில் சேரும். மிச்சம் இன்னொரு கை வழியே உங்களுக்கே திரும்பிவரும். நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். கையை மடக்க முடியாது என்பதால், மூக்கு அரித்தால் சொறிந்துவிட ஆள் வேண்டும். பேச்சுத்துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். சட்டைக் கை தளர்வாக இருக்கட்டும். காலையில் நன்றாகச் சாப்பிடுங்கள், ஆரம்பிப்பதற்கு முன் பாத்ரூம் போய்வந்துவிடுங்கள். நடுவில் உதடு மரத்து, விரல் நுனி குறுகுறுத்தால் நர்ஸிடம் சொல்லுங்கள்: ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தைக் குறைப்பதால் வருவது அது. கால்சியம் கொடுத்தால் சரியாகிவிடும்.

தலைக்கு மேல் தொங்கும் பையை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். ரத்தப் பையைப் போலக் கறுஞ்சிவப்பாக இருக்காது. வெளிறிய, கொஞ்சம் கலங்கிய சிவப்பு. அதிலிருந்து ஒரு துளி எடுத்து சிடி34 என்ற அடையாளம் உள்ள செல்களை எண்ணுவார்கள். நோயாளியின் எடைக்குப் போதவில்லை என்றால் மறுநாளும் உட்கார வேண்டியிருக்கும். லீவு சொல்லும்போதே இரண்டு நாளாகச் சொல்லிவையுங்கள். பையைக் குளிர்பெட்டியில் வைத்து ஒருவர் கையோடு எடுத்துப்போவார். விமான நிலையத்தில் அந்தப் பெட்டியை எக்ஸ்ரேயில் விடமாட்டார்கள்.

தலசீமியா, ஏபிளாஸ்டிக் அனீமியா நோயாளிகளுக்குச் சில சமயம் மஜ்ஜையையே கேட்பார்கள். அதற்கு மயக்கம் கொடுத்து இடுப்பெலும்பின் பின்புறத்திலிருந்து ஊசியால் உறிஞ்சி எடுப்பார்கள். சில நாள் இடுப்பு வலிக்கும், உட்காரும்போது தெரியும். எந்த முறை என்பதைப் பதிவகம் உங்களிடம் கேட்டுத்தான் முடிவு செய்யும்.

வாங்கியவர் யார் என்று உடனே சொல்லமாட்டார்கள். பதிவகத்தைப் பொறுத்து ஓராண்டோ இரண்டாண்டோ கழித்து, இரு தரப்பும் சம்மதித்தால் சந்திக்கலாம். அதற்குள் அவர் ரத்தத்தில் ஓடும் டிஎன்ஏ உங்களுடையதாகியிருக்கும். குற்றவியல் ஆய்வகங்கள் ஆளை அடையாளம் காணப் பயன்படுத்தும் எஸ்டிஆர் என்ற டிஎன்ஏ சோதனையை வைத்துத்தான் அதில் எத்தனை சதவீதம் உங்களுடையது என்று நாங்கள் அளப்போம்.

முகாமில் கேட்கும் மற்ற கேள்விகள்

தொப்புள்கொடி ரத்தத்தைப் பணம் கட்டிச் சேமிக்கலாமா? குழந்தைக்கே பிற்காலத்தில் பயன்படும் என்று தனியாரிடம் சேமிப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) பரிந்துரைக்கவில்லை. தலசீமியாவோடு பிறந்த குழந்தையின் கொடி ரத்தத்திலும் அதே பிழைதானே இருக்கும்? வீட்டில் ஏற்கெனவே ஒரு பிள்ளைக்கு நோய் இருந்து, அடுத்த பிள்ளை பிறக்கப்போகிறது என்றால் மட்டும் விஷயம் வேறு, டாக்டரிடம் பேசுங்கள். 1988-ல் பாரிஸில் எலியான் குளூக்மன் செய்த முதல் கொடி ரத்த மாற்று அப்படித்தான், தங்கையின் ரத்தம் அண்ணனுக்கு.

மூட்டுவலிக்கும் சர்க்கரைக்கும் ஆட்டிசத்துக்கும் ஸ்டெம்செல் ஊசி போடுகிறார்களே? அதற்கு விளம்பரம் இருக்கிறது, அங்கீகாரம் இல்லை. கையில் இருக்கும் காசை அங்கே கொடுக்காதீர்கள்.

ஜீனையே வெட்டித் திருத்தும் கிறிஸ்பர் வந்துவிட்டதே, இனிக் கொடையாளர் எதற்கு? நல்ல கேள்வி. 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்த காஸ்கெவி மருந்தில், நோயாளியின் சொந்த ஸ்டெம்செல்லையே எடுத்து, கருக்கால ஹீமோகுளோபினை அடக்கிவைக்கும் பிசிஎல்11ஏ ஜீனின் கட்டுப்பாட்டுப் பகுதியில் ஒரு வெட்டு வெட்டித் திருப்பி ஏற்றுகிறார்கள். கருவில் இருந்தபோது ஓடிய ஹீமோகுளோபின் மறுபடி சுரக்கத் தொடங்கும். சிவப்பணு அரிவாள் போல வளையும் சிக்கிள் செல் நோய்க்கும் தலசீமியாவுக்கும் நன்றாக வேலை செய்கிறது. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். அதற்கும் முன்னால் நோயாளிக்குக் கீமோ கொடுத்தாக வேண்டும். வேலூரில் ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா ஏ நோயாளிகள் ஐந்து பேருக்கு, அவர்களுடைய ஸ்டெம்செல்லிலேயே சரியான ஜீனை வைரஸ் வழியாக ஏற்றிக் கொடுத்த சோதனை 2024-ல் வெளியானது. அதை நான் பெருமையோடு எல்லோரிடமும் சொல்வேன். ஆனால் 1952-லேயே நீலகிரிப் பழங்குடிகளிடம் சிக்கிள் செல் இருப்பதைக் கண்டறிந்தும், அந்த மலையில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு இந்த மருந்துகள் எட்டும் விலையில் இன்னும் வரவில்லை. வரும்வரை அண்ணனோ அக்காவோ முகம் தெரியாத ஒருவரோதான் தர வேண்டும்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. பதிவு எண் இருக்கும் அட்டையைப் போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி முடித்து, ஊர் மாறி, சிம் மாற்றியபின் பலரை யாராலும் பிடிக்க முடிவதில்லை. புது எண்ணைப் பதிவகத்துக்கு ஒரு மின்னஞ்சலில் தெரிவித்துவிடுங்கள். மாற்று எண்ணாக வீட்டில் யாருடையதைக் கொடுக்கிறீர்களோ, அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். இல்லையென்றால் ‘ஸ்டெம்செல்னு யாரோ கூப்பிட்டாங்க, ஃபிராடுன்னு கட் பண்ணிட்டேன்’ என்பார்.